பேச்சியம்மாள் தோட்டத்து ஆயில் மண்

1. சட்டியில் வந்த மண்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை அது. நான் ஒரு லாரியின் கியர் பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருந்த பேச்சியம்மாள், இரும்புச் சட்டி நிறைய மண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போய் மேஜைமேல் சட்டியைக் கவிழ்த்தார்.

"முதலாளி, இது என்ன மண்ணுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "கரிசல் மாதிரி இருக்கு."

"எங்க தோட்டம் செவக்காடு. உங்க ஷெட்டுத் தண்ணி பாஞ்சு கரிசலாயிருக்கு. மோந்து பாருங்க."

முதலாளி முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாசலில் நின்ற எனக்கே கழிவு ஆயில் வாடை அடித்தது.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் ஷெட் இருந்தது. எழுபதுகளின் கடைசி. முதலாளிக்குச் சொந்தமாக ஆறு லாரி. வெளி லாரிகளும் வேலைக்கு வரும். பன்னிரண்டு பேர் வேலை பார்த்தோம். நான் ஹெட் மெக்கானிக். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

இஞ்சினிலிருந்து வடிக்கிற நல்ல கழிவு ஆயிலை டிரம்மில் பிடித்து வைப்போம். அதை வாங்கிப் போக ஆள் வரும். டிரம் அடியில் தங்குகிற கசடு, பார்ட்ஸ் கழுவின டீசல், பழைய கியர் ஆயில் இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். அதைக் கொட்டுவதற்கு ஷெட்டின் பின்பக்கம் ஒரு குழி வெட்டியிருந்தோம். குழிக்கு அந்தப் பக்கம் முள்வேலி. வேலியைத் தாண்டினால் பேச்சியம்மாளின் அறுபது சென்ட் தோட்டமும் கிணறும். கணவர் காலமான பிறகு மிளகாயும் கத்தரியும் போட்டு, தானே தலைச்சுமையாக மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்று வந்தவர். மழையில் எங்கள் குழி நிரம்பி, சரிவுப் பக்கமான அவர் தோட்டத்தில் பாய்ந்துவிட்டது. தோட்டத்தில் கிணற்றுக்கு இந்தப்பக்கம் இருந்த பாதி முழுக்க, இலை சுருண்டு கருகிக் கிடந்தது.

"யாரு சங்கரபாண்டி அந்தக் குழிய அங்கன வெட்டச் சொன்னது?" என்று முதலாளி கேட்டார்.

"முன்னாலயே கெடந்த குழிதான் முதலாளி" என்றேன்.

அது பொய். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் இடம் காட்டி வெட்டச் சொன்னேன். ஷெட்டுக்குள் வழுக்கக்கூடாது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

பேச்சியம்மாள் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். முதலாளி நியாயஸ்தர். "மண்ண நாங்க சரி பண்ணித் தாரோம்மா. இவன் பண்ணுவான்" என்று என்னைக் கை காட்டினார்.

2. சோப்புத்தூள்

கெட்ட பார்ட்ஸைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். அதையே மண்ணுக்கும் செய்தேன். வேலியை ஒட்டி ஆறடி அகலத்துக்கு, ஒரு துண்டு நிலத்தில் மேல்மண்ணை முக்கால் அடி வெட்டி அப்புறப்படுத்தினோம். குளத்து வண்டல் ஒரு லோடு கொண்டுவந்து நிரப்பினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகையில் ஒரு மழை பெய்தது. அடியில் ஊறிக் கிடந்த ஆயில் மேலே ஏறி, வண்டலும் பிசுபிசுத்துப்போனது.

அடுத்து, ஆயில் பிடித்த துணியைத் துவைப்பதுபோல, சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரை கிளம்பியது. பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, மண்ணச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுதீரா?"

ஷெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். "கோயில் புத்துமண்ணக் கொண்டாந்து பூசிப் பாருங்க அண்ணாச்சி, சொறி சிரங்கே போகுதுல்லா" என்று ஒருவன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியாகச் சுண்ணாம்புத்தூள் போட்டேன். மண் கட்டி கட்டியாக இறுகியது. தை பிறந்தது. அந்தத் துண்டில் ஒரு புல்கூட முளைக்கவில்லை.

3. கோமதிநாயகம்

இங்கே கோமதிநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நானும் அவனும் ஒரே வருஷம் ஷெட்டில் சேர்ந்தவர்கள். ஒரே மேஸ்திரியிடம் தொழில் படித்தோம். அவனுக்கு இஞ்சின் சத்தத்தைப் படிக்கிற காது உண்டு. ஓடுகிற இஞ்சின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, "மூணாவது நாசில் அடைக்கி" என்பான். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். நான் டீசல் பீச்சுகிற ஆறு நாசிலையும் கழற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். மேஸ்திரி எல்லார் முன்னாலும் அவனைத்தான் கூப்பிடுவார். நான் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்பேன்.

ஒருநாள் ஃபேன் பெல்ட்டில் அவன் வலதுகை மாட்டியது. இரண்டு விரல் போய்விட்டது. ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பாமல் ஷெட் மெஸ்ஸில் சமையலுக்குப் போட்டார். எல்லாரும் அவனுக்காக வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்ட முகத்தோடு நின்றேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வருஷம் நான் ஹெட் ஆனேன். அந்த நிம்மதியைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் டீ குடிக்கும்போது கோமதி முதலாளியிடம் வந்து நின்றான். "ஒரு நிமிஷம் மெஸ்ஸுக்குப் பின்னால வந்து பாருங்க முதலாளி" என்றான்.

நாங்களும் போனோம். குழியின் ஒரு ஓரம் மெஸ்ஸின் பின்சுவரை ஒட்டி வரும். கஞ்சித்தண்ணீர், காய்கறித் தோல், மிச்சச் சோறு, எச்சில் இலை எல்லாவற்றையும் அவன் அங்கேதான் கொட்டுவான். அந்த இடத்தில் தக்காளிச் செடி நாலைந்து தன்னால் முளைத்து இடுப்பளவு நின்றது. ஒன்றில் பூகூட இருந்தது.

"அங்கன ஆயில் விழுந்திருக்காது" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

கோமதி மண்வெட்டியால் செடிக்கு ஒரு முழம் தள்ளி வெட்டினான். அங்கே மண் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. பிறகு செடியின் தூரில் வெட்டினான். அங்கே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு கைப்பிடி எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினான். தண்ணீர் மேலே ஆயில் படலம் லேசாகத்தான் மிதந்தது.

"சோத்துக் குப்பை மக்கும்போது அதுல உண்டாகுத பூச்சியோ புழுவோ, கண்ணுக்குத் தெரியாத என்னவோ ஒண்ணு ஆயிலையும் சேத்துத் திங்குது முதலாளி. எனக்கு அப்படித்தான் தோணுது."

முதலாளி அவன் தோளில் கை வைத்தார். "அப்ப நீ ஒரு பாத்தி போட்டுப் பாரு கோமதி."

என் தோளில் அவர் கை வைத்ததே கிடையாது. அன்று முழுக்க ஒரு போல்ட்டை நான்கு தடவை மரை மாற்றி முறுக்கினேன்.

4. ஆறடிப் பாத்தி

நான் மண் மாற்றித் தோற்ற அதே துண்டில்தான் அவன் பாத்தி போட்டான். ஆறடி அகலம், எட்டடி நீளம்.

மெஸ் குப்பை போதவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஹோட்டல்களில் பேசி, மதியச் சாப்பாடு முடிந்ததும் தள்ளுவண்டியில் எச்சில் இலையும் மிச்சமும் அள்ளி வந்தான். டீக்கடைகளில் பிழிந்துபோட்ட டீத்தூள். மார்க்கெட்டில் அழுகின தக்காளி, பூசணி. கஞ்சித்தண்ணீர் பிடிக்கப் பழைய ஆயில் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி, கழுவி வைத்துக்கொண்டான். வாழை இலையை அரிவாளால் பொடிசாக நறுக்கி, மண்ணோடு ஒரு முழ ஆழத்துக்குக் கலந்தான். கொஞ்சம் சாணி சேர்த்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை அடிமண் மேலே வரும்படி புரட்டினான். மூன்று விரல் கையில் மண்வெட்டி நிற்காது. துண்டால் கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான்.

முதல் மாதம் நாற்றம் தாங்கவில்லை. ஈ மொய்த்தது. நான் அதைப் பெரிதாகப் பேசினேன். "வேலை செய்யுற ஆளுகளுக்கு வாந்தி பேதி வந்தா யாரு பொறுப்பு?" என்று முதலாளியிடம் கேட்டேன். கோமதி மறுநாள் பாத்திமேல் காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பினான். நாற்றம் அடங்கிவிட்டது.

விடிகாலையில் அந்தப் பாத்தியிலிருந்து ஆவி வரும். பேச்சியம்மாள் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சுடுதுவே. காய்ச்சக்காரன் உடம்பு மாதிரி இருக்கு" என்று சொன்னார். அவர் வேலிப் பக்கம் வரும்போதெல்லாம் கோமதியைத்தான் தேடினார். என்னைப் பார்த்தால் சோப்புத்தூள் ஞாபகம் வந்து சிரிப்பார்.

ஆனியில் அந்த மண்ணை எடுத்து டம்ளரில் கலக்கியபோது படலம் அநேகமாக இல்லை. கோமதி கீரை விதைத்தான். நான்காம் நாளே பாத்தி முழுக்கப் பச்சை. ஒரு ஓரமாக மிளகாய் நாற்றும் நட்டான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன்: "அங்கன நான் வண்டல் போட்டிருக்கேன். அந்த வண்டலாலதான் முளைக்கி. இவன் குப்பையால இல்ல." சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் டீ நேரத்தில் எல்லாரும் இருக்கும்போது முதலாளி சொன்னார்: "இனிமே கழிவு எதையும் எங்கன கொட்டணும், எப்படிக் கொட்டணும்னு கோமதியக் கேட்டுச் செய்யுங்க. சங்கரபாண்டி, உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

ஸ்பேனர் பிடிக்க முடியாதவனிடம் ஹெட் மெக்கானிக் கேட்க வேண்டும். கோமதி தலை குனிந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கர்வம் ஏதும் தெரிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது ஒன்று புரிகிறது. அந்தப் பாத்தியில் பச்சை தெரியத் தெரிய, மண்ணைக் கெடுத்த குழியை வெட்டியது யார் என்ற பேச்சும் வந்துவிடும் என்று நான் பயந்தேன். பொறாமை பாதி, பயம் பாதி.

5. ஆடித்தபசு அன்று மத்தியானம்

ஆடித்தபசுக்கு ஷெட் லீவு. ஊரே கோயிலைச் சுற்றி நின்றது. கோமதியும் காலையிலேயே போய்விட்டான். திருவிழாவில் மிஞ்சுகிற சாப்பாட்டு இலையை எல்லாம் அள்ளி வர வேண்டும் என்று முதல் நாளே கழுவி வைத்த தள்ளுவண்டியை எடுத்துப் போயிருந்தான். பேச்சியம்மாள் வீட்டிலும் ஆள் இல்லை.

ஒரு அவசர வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கசடு டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் பிடித்தேன். ஒரு டின் பதினெட்டு லிட்டர். வேலியில் இருந்த சந்து வழியாகக் கொண்டுபோய்ப் பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊற்றினேன். கீரை படுத்துக்கொண்டது. திரும்பி வந்து இன்னொரு டின் பிடித்துக் கொண்டுபோய் மிளகாய் நாற்றின்மேல் ஊற்றினேன்.

முதல் டின்னை ஊற்றும்போது கோபம் இருந்தது. இரண்டாவதை ஊற்றும்போது கோபம்கூட இல்லை. கையில் எடுத்துவிட்டோமே என்று ஊற்றினேன். டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கும்பலோடு கும்பலாக நின்று கும்பிட்டேன்.

மறுநாள் பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் எல்லாரும் வேலிக்கு ஓடினோம். கோமதி ஏற்கெனவே அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். கருகின நாற்று ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

"மழையும் இல்ல, குழியும் நெறையல. ஆயில் எப்படிவே இங்க வந்துச்சு?" என்று முதலாளி கேட்டார்.

நான் பேசினேன். "கஞ்சித்தண்ணி கொண்டார டிரம் ஆயில் டிரம்முதான. சரியாக் கழுவாம மொண்டு ஊத்தியிருப்பான்."

கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அந்த டிரம்மைப் பார்த்தான். "கழுவித்தான் வச்சேன்" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை அடியில தங்கியிருக்குமோ என்னவோ." தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிற ஆள் அவன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த டிரம்மைக் கை காட்டினேன்.

பேச்சியம்மாள் மண்ணை உதறிவிட்டு எழுந்தார். "செங்கச் சூளைக்காரன் நெலத்தக் கேட்டுக்கிட்டே இருக்கான். ஐப்பசி மழைக்குள்ள நான் வெதைக்கணும். முடியலேன்னா கொடுத்திட்டுப் போயிருதேன். உங்க ரெண்டு பேரு வெளாட்டுக்கும் என் தோட்டந்தான் கெடச்சுதா?"

சூளைக்குக் கொடுத்தால் ஆள் உயரத்துக்கு மண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். பிறகு அது நிலமே இல்லை.

6. அரைப் படி

கோமதி செத்த கீரையையும் நாற்றையும் பிடுங்கி நறுக்கி, அதே பாத்தியில் போட்டுப் புரட்டினான். ஆடித்தபசு இலைகள் வண்டி வண்டியாக இருந்தன. அவற்றையும் சேர்த்தான். முதல் தடவை நாலு மாதம் ஆனது. இதற்கு அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், ஐப்பசிக்குள் ஆகாது என்று நான் கணக்குப் போட்டேன்.

ஆள் இல்லாத நேரம் பார்த்து நானும் போய் ஒரு கைப்பிடி மண் எடுத்துத் தண்ணீரில் கலக்கிப் பார்ப்பேன். ஆவணிக் கடைசியிலேயே படலம் மெலிந்துவிட்டது. புரட்டாசி பாதியில் தேடிப் பார்க்கும்படி ஆனது. எனக்கு நம்ப முடியவில்லை. முப்பத்தாறு லிட்டர் கசட்டை அந்த எட்டடிப் பாத்தி இரண்டரை மாதத்தில் தின்றுவிட்டது. முன்பே பழகின மண் என்பதால் இரண்டாம் தடவை வேகம் கூடியிருக்கிறது. கோமதி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு என்னைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. அந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

புரட்டாசி முடிகிற சமயம், பேச்சியம்மாள் கொடுத்த மனுவின் பேரில் மண் பரிசோதனை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு. நிதானமானவர். தோட்டம் முழுக்க நடந்து பார்த்தார். பாத்தி மண்ணைத் தனியாக எடுத்து, கண்ணாடிக் குழாயில் கலக்கினார். பக்கத்தில் கை வைக்காத மண்ணையும் கலக்கினார். பிறகு நோட்டைத் திறந்தார்.

"இந்தப் பாத்தியில மேல்மண்ணை மாத்தினதாச் சொல்றாங்களே?"

"ஆமா சார், நான்தான் மாத்தினேன். வண்டல் போட்டேன்" என்றேன்.

"அப்ப மண் தெளிஞ்சது வண்டலாலயா குப்பையாலயான்னு எப்படிச் சொல்றது?"

"திரும்பவும் ஆயில் விழுந்துச்சு சார், ஆடியில. அதுவும் போயிருச்சு" என்றான் கோமதி.

"எவ்வளவு விழுந்தது?"

"தெரியாது சார். டிரம்ம நான் சரியாக் கழுவல போல. அரைப் படி இருக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். "அரைப் படி எண்ணெய் வெயிலுக்கே போயிரும். இதை வச்சு நான் இந்த முறைக்குச் சிபாரிசு எழுத முடியாது. நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அளவு இல்லாம எதையும் எழுதக் கூடாது. நிலம் சாகுபடிக்கு லாயக்கு இல்லைன்னுதான் எழுத வேண்டியிருக்கு."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றார். எதற்கெடுத்தாலும் வாய் பேசுகிறவர் அப்படி நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கோமதி அந்த வெட்டின டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் தன் அலட்சியத்தால் வந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். இனி யாரும் அவனிடம் கேட்டுக் கழிவு கொட்ட வேண்டாம். அதிகாரி ஜீப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"சார், அரைப் படி இல்ல."

அவர் திரும்பினார்.

"ரெண்டு டின் சார். மண்ணெண்ணெய் டின். முப்பத்தாறு லிட்டர். சுத்தக் கசடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் ஊத்துனேன்."

முதலாளி, "என்னலே சொல்லுத?" என்றார். ஹெட் ஆன பிறகு அவர் என்னை 'லே' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான்.

"ஆடித்தபசு அன்னைக்கு மத்தியானம் ஊத்துனேன் முதலாளி. அவன் டிரம்மு சுத்தமாத்தான் இருந்துச்சு. குழி வெட்டச் சொன்னதும் நான்தான். வண்டல் போட்டது கார்த்திகையிலயே கெட்டுப்போச்சு, தை வரைக்கும் அதுல ஒரு புல்லும் முளைக்கல. எழுதிக்கிடுங்க சார்."

அதிகாரி மறுபடியும் நோட்டைத் திறந்து, என்ன தேதி, எத்தனை மணி, ஊற்றின ஆயில் எந்த மாதிரி, பாத்தியில் எவ்வளவு ஆழம் ஊறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போலீஸ்காரரிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவர் மண் எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு, பதில் வரும்வரை நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

7. அதற்குப் பிறகு

நான் பேச்சியம்மாளிடம் போய்க் கை கூப்பினேன். அவர், "கும்பிட்டு என்ன செய்ய? மொதல்ல அந்தக் குழிய மூடும்வே" என்றார்.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஹெட்டிடம் இருக்கிற ஸ்டோர் சாவியை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்தார். ஒரு வருஷம் எல்லாரையும்போல, லாரிக்கு அடியில் வெட்டியிருக்கிற பிட்டுக்குள் இறங்கி ஆயில் வடித்தேன். அந்த வருஷத்தில்தான் குழியை மூடிவிட்டு, மூன்று அறை வைத்த சிமெண்ட் தொட்டி ஒன்று கட்டினேன். முதல் அறையில் கசடு தங்கும். இரண்டாவதில் ஆயில் மேலே மிதந்து நின்றுவிடும். மூன்றாவது அறையிலிருந்து தண்ணீர் மட்டும் வெளியே போகும். அந்தத் தொட்டியை ஷெட் கட்டின அன்றே கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதிகாரியின் பதில் வந்தது. குப்பை போட்டுப் புரட்டுகிற முறையில் நிலத்தைத் தெளியவைக்கலாம் என்று எழுதியிருந்தார். பேச்சியம்மாள் சூளைக்காரரைத் திருப்பி அனுப்பினார். கெட்டுப்போன பாதியும் தெளிய இரண்டு வருஷம் ஆனது. அதுவரை கிணற்றுக்கு அந்தப்பக்கம் நல்லபடியாக இருந்த மண்ணில் மிளகாய் போட்டுக் காலம் தள்ளினார்.

கோமதி என்னோடு பேசவில்லை. மெஸ்ஸில் சோறு போடுவான். குழம்பு ஊற்றுவான். போதுமா என்று மற்றவர்களிடம் கேட்பான், என்னிடம் கேட்கமாட்டான். எட்டு மாதம் அப்படிப் போனது. நான் தினமும் வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, பேச்சியம்மாள் தோட்டத்தில் அடுத்த பாத்தியைப் புரட்ட ஆரம்பித்தேன். நான் ஒரு கோடியில் நின்றால் அவன் மறு கோடிக்குப் போவான். ஒருநாள் என் பின்னால் வந்து நின்றான்.

"அடியில இருந்து எடுத்துப் பொரட்டும்வே. மேலாக்கக் கிண்டுனா காத்துப் போகாது."

அவ்வளவுதான். பழைய மாதிரி நாங்கள் ஆகவில்லை. பேச்சு வார்த்தை உண்டு, அவ்வளவே.

எண்பதுகளில் சிவகிரியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் ஷெட்காரர்கள் எங்கள் பாத்திகளைப் பார்க்க வருவார்கள். கோமதி எல்லாவற்றையும் விளக்குவான். இலையை எப்படி நறுக்க வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ஈரம் எவ்வளவு வேண்டும் எல்லாம் சொல்வான். ஒரு பாத்தி எவ்வளவு ஆயிலைத் தாங்கும் என்று கேட்டால் மட்டும் என் பக்கம் கையை நீட்டுவான். "அளவு அவருக்குத்தான் தெரியும். அவர்ட்ட கேளுங்க."

நான் சொல்வேன். எட்டடிக்கு ஆறடியில் முப்பத்தாறு லிட்டர், இரண்டரை மாதம். எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவன் அதைத் தண்டனையாகச் செய்தானா, தொழில் மரியாதையாகச் செய்தானா என்று நான் கேட்டதில்லை. வந்தவர்கள் அவனைப் புகழ்ந்துவிட்டுப் போகும்போது அப்போதும் எனக்கு வயிறு எரியும். அது போகவே இல்லை.

ஷெட்டில் இப்போது தொழில் பழகுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்களைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் பக்கத்தில் வேலை பார்த்தால் எரியத்தான் செய்யும். எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த எரிச்சலில் நீங்கள் செய்த காரியத்தை, இடம், நேரம், அளவு உட்பட, மறக்காமல் வைத்திருங்கள். ஒருநாள் அதைச் சரிசெய்ய வேறொருவன் பாடுபட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குத் தேவைப்படுகிற அளவு உங்களிடம் மட்டும்தான் இருக்கும். அப்போது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.